காத்தம்மா படமும் தவிட்டுக்கு விற்ற தம்பியும்

புதிதாக அரைத்த தவிட்டுக்கு ஒரு வாசம் உண்டு. அரிசி மில்லில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது சூடாக வந்து விழும். கையை உள்ளே விட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டதுபோல வெதுவெதுப்பாக இருக்கும். கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்குமாக மூக்கில் ஏறும். ஆடு மாடு வைத்திருக்கிறவர்களுக்கு அது தீவன வாசம், அவ்வளவுதான். ஆனால் என் சிறுவயதில் அந்த வாசம் எங்கிருந்தாவது வந்தால் என் அம்மா பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாள். ஏனென்றால் என் தம்பியை அவள் ஒரு சுளகுத் தவிட்டுக்கு விற்றிருந்தாள்.

விற்றாள் என்றதும் யாரும் பதற வேண்டாம். எங்கள் பக்கத்தில், ஆனைக்குட்டம் அணைக்கட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், பிள்ளை தங்காத வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. எனக்குப் பின்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாகத் தம்பி பிறந்தபோது, அம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது என்று அப்பா சொல்வார். எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் பூசாரி குறி பார்த்து, "பிள்ளையைக் கொண்டு போறவன் உன் வீட்டு வாசலைப் பாத்து வச்சிருக்கான் தாயி, இது உன் பிள்ளை இல்லன்னு ஆக்கிரு" என்றார். இன்னொருத்தி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றையிலிருந்து பிள்ளை அவளுடையது. பெற்றவளை அது "அம்மா" என்று கூப்பிடக் கூடாது. தப்பித் தவறிக் கூப்பிட்டுவிட்டாலும் பெற்றவள் "என்ன" என்று கேட்கக் கூடாது. ஐந்து வயது முடிந்த பிறகு, மாரியாத்தா சன்னதியில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் வாங்கினவள் மனமொப்பித் தர வேண்டும். கேட்டு வாங்கினாலும் பிடுங்கி வாங்கினாலும் அது மீட்பு ஆகாது.

வாங்கியவள் அம்மாவின் கூடப் பிறந்த அக்கா, எங்கள் குருவம்மா பெரியம்மா. இரண்டு தெரு தள்ளி வீடு. பெரியப்பா பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டினார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பெரியம்மா சுளகு நிறையத் தவிட்டைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் கொட்டிவிட்டு, துணியில் சுற்றியிருந்த தம்பியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாளாம். பெயரும் தவிட்டுராசு என்றே ஆனது. எல்லோருக்கும் ராசு.

விலைக்குப் போன பிள்ளைக்கும் பால் கொடுக்க வேண்டுமே. அம்மா நாளுக்குப் பல தடவை பெரியம்மா வீட்டுக்கு ஓடுவாள். வாசலில் நின்று, "யக்கா, உன் பிள்ளைக்குப் பசிக்கா?" என்று கேட்பாள். பெரியம்மா, "பசிக்கு போல. செத்த வந்து பாலு குடு" என்பாள். அதற்குப் பிறகுதான் அம்மா உள்ளே போவாள். அந்தக் கேள்வியும் பதிலும் எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒருவனை ஏமாற்றுவதற்காக என்று எனக்கு அப்போது புரியாது. இரண்டு பேரும் ஏதோ நாடகம் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பால்குடி மறந்த பிறகும் அம்மா அந்த வாசலில் நின்று கேட்காமல் உள்ளே நுழைந்ததில்லை. தம்பி பேசத் தொடங்கியபோது அவளை "சித்தி" என்றான். அம்மா அதற்கு "என்னய்யா" என்று ஓடிப்போய் நிற்பாள்.

பெரியம்மா அவனுக்காகவே கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டினாள். அவன் சாப்பிட வேண்டும் என்பதற்காகக் கோழி வளர்த்தாள். அவனுக்கு ஐந்து முடிந்த வருடம், மாரியம்மன் பங்குனிப் பொங்கலன்று பெரியம்மா அவனைத் தந்துவிடுவாள் என்று அம்மா நினைத்துக்கொண்டே இருந்தாள். விருதுநகருக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வந்தோம். பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் சவலையாத்தான் இருக்கான். அடுத்த பங்குனி பாப்போம்" என்றாள். அம்மா "சரிக்கா" என்றாள். வேறென்ன சொல்ல முடியும்? கேட்டுவிட்டால் மனமொப்பித் தந்ததாகாதே. அம்மா கம்பெனி வேனில் போய்ப் பட்டாசுச் சரம் பின்னிவிட்டு வந்தாள், சோறாக்கினாள், வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டாள். ஆனால் பெரியம்மா வீட்டு வழியாகப் போகும்போது நடை மட்டும் தானாகக் குறையும்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடியிருந்த நாட்களில்தான் அந்தப் படம் வந்தது. ஊர் ஊராகப் பட்டாசு போய் வெடித்து முடிந்துவிட்ட பிறகு எங்களுக்குத்தான் உண்மையான விடுமுறை. சீசன் முழுவதும் விரலில் ஏறியிருந்த பட்டாசு மருந்தின் ஈயப்பொடி நிறம் மெதுவாக நகத்திலிருந்து விடுகிற நாட்கள் அவை. போனஸில் எடுத்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு பெண்கள் கோவிலுக்கும் சினிமாவுக்கும் போவார்கள். பாதி வீடுகளில் கேபிள் டிவி வந்துவிட்டிருந்தாலும், சாமி படமும் மந்திரப் படமும் கொட்டகையில் கூட்டத்தோடு பார்த்தால்தான் பார்த்தது போலிருக்கும். அது எங்கோ எடுத்துத் தமிழில் பேசவைத்த பழைய படம். அதன் உண்மையான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் தெருவில் எல்லோரும் "காத்தம்மா படம்" என்றுதான் சொன்னார்கள்.

பகல் ஆட்டத்துக்குப் போனோம். அம்மா, பெரியம்மா, ராசு, நான், எதிர்வீட்டுச் சுப்புத்தாய் மதினி. திருத்தங்கல் போகிற பாதையில் இருந்த டாக்கீஸ் அது; தகரக் கூரை, பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர், பெஞ்சு. வாசலில் ஒரு அம்மன் படத்தை வைத்து வேப்பிலை செருகியிருந்தார்கள். அதன் முன்னால் செருப்புகள் குவிந்து கிடந்தன. சாமி படம் என்பதற்காகக் கழற்றியவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் பழக்கத்தில் கழற்றியவர்கள்; வெடிமருந்து ரூமுக்குள் செருப்போடு போகக் கூடாது என்று வருடக்கணக்கில் பழகிய கால்கள், எந்தக் கதவைக் கண்டாலும் தாமாகவே செருப்பை உதறிவிடும். டிக்கெட் கிழிக்கிறவர், "ஏம்மா, இது கம்பெனியா? மாட்டிக்கிட்டுப் போங்க, பெறகு செருப்பக் காணோம்னு என்கிட்ட வராதீக" என்று கத்திக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.

கதை இதுதான். ஒரு ராணிக்குக் குழந்தை பிறக்கிறது. மலைக்குகையில் இருக்கிற மந்திரவாதி அந்தக் குழந்தையைப் பலிக்குக் கேட்கிறான். ராணி குழந்தையை ஒரு பூக்காரியின் கூடையில் பூவுக்கு அடியில் மறைத்து அனுப்பிவிடுகிறாள். கோபத்தில் மந்திரவாதி அவளைக் காற்றாக்கிவிடுகிறான். அவளை யாரும் பார்க்க முடியாது, அவள் பேசுவது யாருக்கும் கேட்காது, எதையும் அவளால் தொட முடியாது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், வெறும் காற்றைப் பார்த்து அந்தக் குழந்தை தானாக "அம்மா" என்று கூப்பிட்டால்தான் அவளுக்கு மறுபடி உடம்பு வரும்.

முதல் அரை மணி நேரம் எங்கள் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. மந்திரவாதி கையை நீட்டினால் பச்சை வெளிச்சம் வரும், கோபப்பட்டால் சிவப்பு. சுப்புத்தாய் மதினி வண்ண மத்தாப்பு ரூமில் வேலை பார்த்தவள். "ஏ, பச்சைக்கு மருந்து கூடிப்போச்சு பாருங்க. இம்புட்டுப் புகை வந்தா எங்க போர்மேன் ஆளத் தின்னுருவான்" என்றாள். மந்திரவாதி தீப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பானைகள் அடுக்கியிருந்த குகைக்குள் போனபோது, பானைக்குள் இருந்தது வெறும் மூலிகைதான் என்று தெரிந்தும், பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். "கூறுகெட்ட பய, தீயக் கொண்டு எங்கன போறான் பாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இன்னொருத்தி எழுந்தே விட்டாள். வேறு ஊர்க்காரர்கள் யாராவது அன்று அங்கே இருந்திருந்தால், இவர்கள் எதற்கு இப்படிப் பயப்படுகிறார்கள் என்று திகைத்திருப்பார்கள்.

சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூக்காரி வீட்டில் தொட்டில். குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்த பூக்காரி அலுப்பில் தூங்கிவிடுகிறாள். தொட்டில் நிற்கிறது, குழந்தை அழுகிறது. நமக்கு மட்டும் புகைபோலத் தெரிகிற ராணி ஓடிவந்து தொட்டில் கயிற்றைப் பிடிக்கிறாள். கை கயிற்றுக்குள் புகுந்து வெளியே வந்துவிடுகிறது. மறுபடி பிடிக்கிறாள், மறுபடி அதே. பிறகு அவள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி ஊதுகிறாள். தொட்டில் அசைகிறது. ஊதுகிறாள், அசைகிறது. விடிய விடிய அவள் ஊதிக்கொண்டே நிற்பதாகக் காட்டினார்கள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. தொட்டில் கயிறு முனகுகிற சத்தம் மட்டும். மதினி சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை. அவள் உதடு குவிந்திருந்தது.

குழந்தை வளர்கிறான். பூக்காரி ஊட்டிவிடுகிறாள், எதிரே உட்கார்ந்து ராணியும் அவனோடு வாயைத் திறந்து மூடுகிறாள், எல்லாத் தாயும் செய்கிறதுபோல. அவன் பூக்காரியை "அம்மா" என்கிறான். வாசலில் இருந்து கூப்பிடுகிறான், தோட்டத்தில் இருந்து கூப்பிடுகிறான், முள் குத்தினால் கூப்பிடுகிறான். ஒவ்வொரு தடவையும் பூக்காரி திரும்புவதற்கு முன்னால் ராணி திரும்பி, "என்னப்பா" என்கிறாள். அது யாருக்கும் கேட்பதில்லை. அவன் கூப்பிட்டது தன்னை இல்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு தடவைகூட அவள் பதில் சொல்லாமல் இருப்பதில்லை.

அந்த இடத்தில்தான் அம்மா எழுந்து வெளியே போகப் பார்த்தாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்து, "எங்கட்டி போற? உக்காரு" என்றாள். அம்மா உட்கார்ந்தாள். ராசு இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தான். கடலை தின்றுகொண்டே, கண்ணை எடுக்காமல் படம் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியம்மாவின் கை அவன் தலையைச் சுற்றிப் போய் அவன் தோளில் இருந்தது.

கடைசிக் காட்சி குகைக்குள். மந்திரவாதி பையனைப் பிடித்துப் பலிபீடத்தில் நிறுத்திவிட்டான். ஒரு பெரிய விளக்கு எரிகிறது. அது அணைந்தால் ராணி காற்றோடு காற்றாக அழிந்துபோவாள். எண்ணெய் வற்றிக்கொண்டு வருகிறது. ராணி பையனின் முகத்துக்கு எதிரே மண்டியிட்டு, "ஒரு தடவை கூப்பிடு, என் ராசா, ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சுகிறாள். அவன் அவளுக்கு ஊடாக வேறெங்கோ பார்க்கிறான். "என் ராசா" என்றதும் எங்கள் ராசு, தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, கடலைப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுப் பெஞ்சில் ஏறி நின்றான்.

கொட்டகை முழுவதும் கத்தத் தொடங்கியது. "ஏலே, கூப்பிடுலே!" "முன்னாலதான்லே நிக்கா, அம்மான்னு சொல்லித் தொலையேன்லே!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து கத்தினார்கள். சுப்புத்தாய் மதினி கையெடுத்துக் கும்பிட்டு, "மாரியாத்தா, அந்தப் பயலுக்குப் புத்தியக் குடு" என்று வேண்டினாள். திரையில் விளக்கு ஒரு பொட்டுப் போலச் சுருங்கிவிட்டது. பையன் வாயைத் திறக்கவில்லை.

ராசுவுக்குப் பொறுக்கவில்லை. அவன் பெஞ்சில் நின்றபடி, இரண்டு கையையும் நீட்டி, தொண்டை நரம்பு புடைக்க, அந்தப் பையனுக்காகத் தான் கூப்பிட்டான்.

"அம்மா!"

"என்னய்யா!"

இரண்டு குரல். ஒன்றுபோல வந்தன. ஒன்று பெரியம்மாவுடையது. இன்னொன்று என் அம்மாவுடையது.

திரையில் அதற்குப் பிறகு என்னவெல்லாமோ நடந்தது. பையன் கூப்பிட்டுவிட்டான், ராணிக்கு உடம்பு வந்துவிட்டது, மந்திரவாதி தீப்பிடித்து எரிந்தான், விசில் பறந்தது. அம்மா எதையும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். இத்தனை வருடமாகப் பூட்டி வைத்திருந்த வாய் தெரியாமல் திறந்துவிட்டதே என்ற திகில் அவள் தோளில் தெரிந்தது. ராசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "நான் உங்கள ஒண்ணும் கூப்பிடல, அந்தக் காத்தம்மாவத்தான் கூப்பிட்டேன்" என்றான் கோபமாக.

வெளியே வந்து செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு நடந்தோம். வெயில் சாய்ந்திருந்தது. மதினி படத்தை முதலிலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மா பின்தங்கி வந்து பெரியம்மாவின் பக்கத்தில், "யக்கா, தெரியாம வாயில வந்துருச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?" என்றாள்.

பெரியம்மா கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவன் சினிமாக்காரியக் கூப்பிட்டான். அதுல உனக்கென்ன, எனக்கென்ன" என்றாள். பிறகு வேறு யாரிடமோ கேட்பதுபோல, "எல்லாத்தையும் காட்டுனானே, அந்தப் பூக்காரி என்ன ஆனாள்னு காட்டலையே" என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ராணிக்கு உடம்பு வந்து, பையனைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போய்விட்டாள். வளர்த்தவளை அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் காட்டவில்லை. "அவளும் அரமனைக்குப் போயிருப்பா" என்றாள் சுப்புத்தாய் மதினி. "ஆமா, பூக்கட்டப் போயிருப்பா" என்றாள் பெரியம்மா.

மறுநாள் காலையில் ராசு வாந்தி எடுத்தான். கொட்டகையில் தின்ற கடலைதான் காரணம், சந்தேகமே இல்லை. ஆனால் அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பெரியப்பா வந்து தற்செயலாகச் சொன்னதும் அவள் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பெரியம்மா வீட்டு வாசல்வரை ஓடினவள் அங்கே நின்றுவிட்டாள். வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. தான் உள்ளே காலை வைத்தால், தன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிற எதுவோ ஒன்றும் உள்ளே வந்துவிடும் என்று பயந்தவள்போல, நிலைக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை.

ராசு பாயில் படுத்திருந்தான். பெரியம்மா அவனுக்கு மோரும் உப்பும் கலந்து புகட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நேற்றுப் படத்தில் அவள் பார்த்ததையெல்லாம் அந்த வாசலில் மறுபடி பார்த்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அவள் அதைப் பற்றி என்றைக்கும் பேசியதில்லை. அன்று அவள் சொன்னது இவ்வளவுதான்:

"ஏட்டி வெள்ளத்தாயி, காத்து மாதிரி ஏன் அங்கன நிக்க? உள்ள வா."

அம்மா உள்ளே வந்தாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாளான்னு பூசாரிகிட்டக் கேளு. நல்ல நாளா இல்லாட்டியும் பரவாயில்ல. மில்லுல போயித் தவிடு வாங்கி வை."

"யக்கா, நான் கேக்கலக்கா" என்றாள் அம்மா, அதிர்ந்துபோய்.

"நீ கேக்கலதான். கேட்டிருந்தா தந்திருக்க மாட்டேன். போயி அடுப்பப் பாரு, என்னமோ கருகுற வாடை இங்க வரைக்கும் வருது."

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் மாரியம்மன் சன்னதியில் அது நடந்தது. கூட்டம் இல்லை, நாங்களும் பெரியப்பாவும் மதினியும்தான். அம்மா சுளகு நிறையத் தவிட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். ராசுவுக்கு மஞ்சள் துண்டு கட்டி, வேப்பிலை மாலை போட்டுப் பெரியம்மா இடுப்பில் வைத்திருந்தாள். ஐந்து வயது தாண்டின பிள்ளையின் கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பூசாரி, "மனசொப்பித்தான் தாரியா தாயி?" என்று கேட்டார். பெரியம்மா அவனை இடுப்பில் இன்னும் ஏற்றி வைத்துக்கொண்டாள். அவர் மறுபடி கேட்டார். அவள் அம்மனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒப்பாமலா இவனத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கேன்? எத்தன வாட்டிக் கேப்பீக? தவிட்டக் குடுத்து வாங்குனேன், தவிட்ட வாங்கிக்கிட்டுத் தாரேன். ஆத்தா சாட்சி" என்றாள். சுளகு கைமாறியது. பிள்ளையும் கைமாறினான். அவன் அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி நின்று, "சித்தி, நான் எங்கன சாப்பிட?" என்று கேட்டான்.

"எங்கன வேணும்னாலும் சாப்பிடுலே. இனி உனக்கு ரெண்டு அடுப்பு" என்றார் பெரியப்பா.

அந்தத் தவிட்டைப் பெரியம்மா அன்று சாயங்காலமே எருமைக்குக் கழுநீரில் கலந்து வைத்துவிட்டாள். "வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா மனசு மாறிரும்" என்றாள்.

சினிமாவில் ஒரு சொல்லில் எல்லாம் சரியாகிவிட்டது. எங்கள் வீட்டில் அப்படி ஆகவில்லை. ராசு அம்மாவைச் "சித்தி" என்றுதான் வெகுநாள் கூப்பிட்டான். இருட்டத் தொடங்கினால் பெரியம்மா வீட்டுக்கு ஓடிவிடுவான். பெரியம்மாவே கையைப் பிடித்து, ஏசிக்கொண்டே கொண்டுவந்து விடுவாள். விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவன் தூங்குகிறவரை இருப்பாள். அம்மா அவனை ஒரு நாளும் "அம்மான்னு கூப்பிடு" என்று சொன்னதில்லை. அவள் மாரியாத்தாவுக்கு விளக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், அவன் கொடிக்கு அடியில் நின்று, "யம்மா, என் டவுசர் எங்க?" என்றான். அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை. "யம்மோவ், டவுசரு!" என்று அவன் கத்தினான். அப்போதும் அவள் பேசவில்லை. இத்தனை வருடமாக அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லாமல் இருக்கப் பழகிப் பழகி, அது தன்னைத்தான் என்று அவள் காதுக்கே எட்டவில்லை. நான்தான் போய், "அம்மா, உன்னத்தான் கூப்பிடுதான்" என்று தோளைத் தொட்டுச் சொன்னேன். அவள் வடித்த பானையை நிமிர்த்தாமல் அப்படியே திரும்பிப் பார்த்தாள். அன்றைக்குக் கஞ்சியோடு பாதிச் சோறும் போய்விட்டது. மீந்ததை நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

இதெல்லாம் நடந்து இருபது வருடம் ஆகப்போகிறது. நான் கல்யாணமாகிச் சூலக்கரைக்கு வந்துவிட்டேன். என் பிள்ளைகள் போனில் மந்திரப் படம் பார்க்கிறார்கள். அதில் மலை பிளக்கிறது, கடல் எழுகிறது, எல்லாம் அப்படியே நிஜம்போல இருக்கிறது. ஆளுக்கொரு மூலையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்க்கிறார்கள், யாரும் யாருக்காகவும் கத்துவதில்லை. காத்தம்மா படத்தை நானும் எவ்வளவோ தேடச் சொல்லிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. டாக்கீஸ் இருந்த இடத்தில் இப்போது அட்டைப்பெட்டி குடோன் இருக்கிறது. தவிட்டுக்குப் பிள்ளையை விற்கிற வழக்கமும் போய்விட்டது. போனதில் வருத்தமில்லை, ஸ்கேனும் ஊசியும் வந்து பிள்ளைகள் தங்குகின்றன, அது ஆத்தா செயல். ராசு சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின்மேனாக இருக்கிறான். அந்தப் படம் பார்த்ததே அவனுக்கு நினைவில்லை என்கிறான்.

பெரியப்பா முன்னாலேயே போய்விட்டார். பெரியம்மா போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில் போனாள். அன்று பகல் அடைமழை. பந்தலுக்கு அடியில் ஆண்கள் கூடி நின்று யார் கொள்ளி வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் அண்ணன் மகன் வைக்கட்டும் என்று முடிவாகப் போகிற நேரம், ராசு தலையைக் குனிந்துகொண்டு ஒரு ஓரமாக நின்றிருந்தான். பெற்றவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிற பிள்ளை மொட்டை போட்டுக் கொள்ளி வைப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் ஒப்பமாட்டார்கள். அதைப்போல ஒரு அபசகுனம் இல்லை என்பார்கள்.

பெண்களுக்கு நடுவில் அக்காவின் தலைமாட்டில் இருந்த அம்மா எழுந்து, மழையில் நனைந்துகொண்டே ஆண்கள் நின்ற இடத்துக்குப் போனாள். குறுக்கே பூனை போனால்கூட ராசுவை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்கிறவள் அவள். "அவ மகன் இங்கன நிக்கையில மத்தவுக எதுக்கு வைக்கணும்? இவன்தான் வைப்பான்" என்றாள்.

ஒரு பெரியவர், "ஆத்தா, நீ குத்துக்கல்லாட்டம் இருக்கையில உன் மகன் மொட்டை போட்டா ஆகாதும்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

"ஆகாதுன்னு பயந்துதானய்யா அன்னைக்கு அவகிட்டக் குடுத்தேன்" என்றாள் அம்மா. "அவ உசுரோட வளத்துக் கையில தந்துட்டா. இனி எனக்கு என்ன பயம்?"

பிறகு ராசுவைப் பார்த்து, "போய்யா. போயி உக்காரு" என்றாள். அவன் போய் நாவிதருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தான்.